முந்தியில் முடிந்த சருகு

படித்த மருமகள் வாயைத் திறக்காமல் இருந்தால் படிப்புக்காவது மரியாதை மிஞ்சும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. எழுபதுகளில், தாவரவியல் பி.எஸ்ஸி முடித்த கையோடு கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தேன். டீச்சர் வேலைக்குப் போக உயிரான ஆசை. மாமியார் சரி என்றால்தான் நடக்கும். (வீட்டுக்காரர் தலையாட்டுவார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.)

பரளச்சிப் பக்கம் குலசாமி காட்டில் என் முதல் பொங்கல். போகிற பஸ்ஸிலேயே அத்தை, "எங்க மருமக பி.எஸ்ஸி" என்று டிரைவர் சீட்டுவரை விளம்பரம் செய்துவிட்டார்கள். விடுவேனா?

"இதெல்லாம் ஒரு காடா அத்தை? மழைக்காடுன்னா தரை பூராம் ஈரம், அட்டை, காளான். இலையுதிர்காடுன்னா சருகு மெத்தையாக் கெடக்கும், அதுக்குள்ள ஆயிரம் உசுரு. இது வெறும் முள்ளுக்காடு. தரையில ஒண்ணும் இருக்காது."

"இருக்கா இல்லையான்னு சாமிக்குத் தெரியும். இங்கருந்து ஒரு சருகுகூட வெளிய போகக் கூடாது தாயி."

மண்டைக்கனம் கேட்குமா? பூதக்கண்ணாடியில் காட்டி நிரூபிக்க, ஒரு பிடி சருகை அள்ளி முந்தியில் முடிந்துகொண்டேன்.

திரும்பும் பஸ் கிளம்பியதுதான் தாமதம். பூரானுக்குப் பெரியப்பன் மாதிரி ஒரு செய்யான் என் முந்தியிலிருந்து இறங்கி, அத்தை மடியில் நிதானமாக நடந்தது. பின்னாலேயே மரவட்டை, கட்டெறும்பு. அத்தை சீட்டின்மேல் ஏறி நின்று அலறினார்கள். பஸ் நின்றது.

கண்டக்டர் என் முடிச்சைப் பார்த்தார். "சாமி காட்டுச் சருகா? அண்ணே, வண்டிய எடுக்காதீக!"

டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டார். "எடுத்த எடத்துல போட்டுட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் வண்டி நகராது."

அத்தை செய்யானைப் பொங்கல் தூக்குச்சட்டிக்குள் தள்ளி மூடி, என் கையில் கொடுத்தார்கள். "இதுவும் சாமி சொத்துதான். கொண்டு போ."

உச்சி வெயிலில், பட்டுச்சேலையும் தூக்குச்சட்டியுமாக நெருஞ்சியில் நொண்டிக்கொண்டு நடந்தேன். பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. டீச்சர் வேலை அத்தோடு போச்சு என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பிப் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் விசில் ஊதினார். "பி.எஸ்ஸி ஏறியாச்சு, ரைட்!"

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வீடு வந்ததும் சொன்னார்கள்: "நீ வேலைக்கே போயிரு தாயி. வீட்டுல இருந்தா இன்னும் எதெதை முடிஞ்சுட்டு வருவியோ!"

போனேன். ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றும் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால், பேத்தி முதலில் என் முந்தியை உதறிப் பார்ப்பாள். அப்புறம் முன்சீட்டிலிருந்து வீட்டுக்காரர், தலையாட்டுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறப்பார்: "பி.எஸ்ஸி ஏறியாச்சு, ரைட்!"