மாயாண்டி கட்டிய வேட்டைப் பை

தராசு முள் பதினான்கு கிலோவில் வந்து நின்றுகொண்டது. அதற்கு மேல் ஒரு நூல்கூட நகரவில்லை.

"ஏறித் தொலையேன், சனியனே!" என்று மாயாண்டி முள்ளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

பின்னால் நின்ற டிரைவர் மூசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னண்ணே, பதினஞ்சுக்குள்ள இருக்கணும்னுதானே பெரியவர் சொன்னாரு? பதினாலுதான் இருக்கு. சந்தோசப்படுங்க."

"ஆமா, ரொம்ப சந்தோசம். நீ போயி வண்டியத் தொடைடா."

மூசா ராமநாதபுரத்துப் பிள்ளை, நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் காதில் ஒரு விஷயம் விழுந்தால், அடுத்த சிக்னல் வருவதற்குள் அது அர்பாப் காதில் விழுந்துவிடும். அர்பாப் என்றால் முதலாளி. அஜ்மானில் இருக்கும் அந்தப் பெரிய வீட்டுக்கு அர்பாப் சுஹைல். மாயாண்டி அங்கே சமையல்காரன்.

சுஹைலுக்கு ஒரு மாமனார். வேட்டைப் பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. இந்த வருஷம் பாலைவனம் அவருக்குப் போதவில்லை. கிர்கிஸ்தான் மலையில் காட்டாடு சுட வேண்டும் என்று மகன்கள், மருமகன் எல்லாரையும் கிளப்பிவிட்டார். எட்டு நாள் பயணம். அங்கே ரோடு கிடையாது, குதிரைதான். அதனால் ஒரு சட்டமும் போட்டார். ஒரு வேட்டைக்காரருக்கும் அவருடைய சமையல்காரருக்கும் சேர்த்து ஒரே பை, பதினைந்து கிலோ. அதைத் தாண்டினால் பைக்காரர்கள் வீட்டோடு நிற்க வேண்டியதுதான்.

பை கட்டுகிற வேலை மாயாண்டி தலையில் விழுந்ததற்குக் காரணம் அவனுடைய புகழ். ஊருக்குப் போகிற தமிழர்கள் எல்லாரும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் வருவார்கள். கம்பளி, டாங் பவுடர், கோடாலித் தைலம், பிள்ளைகளுக்கு சாக்லேட் என்று எதைக் கொடுத்தாலும் அடக்கி, கயிறு போட்டு இறுக்கி, மார்க்கரில் பேர் எழுதிக் கொடுப்பான். விமானக் கம்பெனி முப்பது கிலோ என்றால் முள் முப்பதில் நிற்கும். குறைந்தால் கம்பெனிக்கு லாபம், கூடினால் நமக்கு நட்டம் என்பான். அப்படிப்பட்டவன் வாழ்க்கையிலே முதல் தடவையாக எடை கூட வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தான்.

வேட்டைக்குக் கிளம்புவது புதன்கிழமை. அவன் பொண்டாட்டி கனகா ஷார்ஜாவில் வந்து இறங்குவது வியாழக்கிழமை.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த நாளை எண்ணினால் ஒரு பள்ளிக்கூட லீவுக்குக்கூடத் தேறாது. டிராவல்ஸ் கடை கலீலுர் ரஹ்மான்தான் மனம் இரங்கி, ஒரு மாத விசிட் விசாவும் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார். மாற்ற முடியாத டிக்கெட். கனகா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, நான் பிளேனைப் படத்துலதான் பாத்துருக்கேன். எறங்குனதும் உங்க மூஞ்சி தெரியணும். தெரியலைன்னா அதே பிளேன்ல ஏறி உக்காந்துக்குவேன், ஆமா."

"வர்றேன் தாயி, முன்னாடியே வந்து நிக்கிறேன்."

அர்பாபிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இவனுக்கு முன்னால் இருந்த சமையல்காரன் ஏதோ ஒரு பயணத்துக்கு வர மாட்டேன் என்றானாம். அடுத்த வாரமே அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்களாம். உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து மாயாண்டியின் வாயில் "மாட்டேன்" என்ற சொல் வருவதே இல்லை. அதனால் எடையை நம்பினான்.

முதலில் தோசைக்கல்லைப் பைக்குள் திணித்தான். முள் பதினேழுக்குப் போனது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அர்பாப் சுஹைல் தொந்தியைத் தடவிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். பையைத் திறந்து கல்லை வெளியே எடுத்தார். பாதி இந்தியிலும் பாதி அரபியிலுமாக அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

"இது என்ன?"

"தோசைக்கல், அர்பாப். எட்டு நாளும் தோசை."

தூக்கி வெளியே எறிவார் என்று மாயாண்டி காத்திருந்தான். சுஹைல் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லது, ரொம்ப நல்லது! இன்னொன்று இருக்கிறதா? ஒன்று உடைந்துவிட்டால் என்ன செய்வாய்?"

இரும்புக் கல் எப்படி உடையும் என்று மாயாண்டி கேட்கவில்லை. இன்னொரு கல்லையும் வைத்தான்.

மறுநாள் அம்மியை ஏற்றினான். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன அம்மிதான், ஆனாலும் கல் கல்தானே. சுஹைல் அதையும் பார்த்தார். "மசாலா அரைக்கவா? சபாஷ்! களைத்துப் போனால் இதில் உட்காரவும் செய்யலாம்" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரஷர் குக்கரைப் பார்த்ததும் கைதட்டினார். பாஸ்மதி அரிசி மூட்டையைத் தானே தூக்கிவந்து கொடுத்தார். போதாதென்று ஒட்டக ரோமக் கம்பளி ஒன்றையும் கொண்டுவந்து பை மேல் போட்டார். தராசின் கொக்கி நிமிர்ந்துவிட்டது.

மாயாண்டி மெல்ல இழுத்தான். "அர்பாப், பெரியவர் பதினஞ்சு கிலோன்னு..."

"மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை! பெரியவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வைத்துக்கொண்டே இரு."

அவ்வளவுதான், மாயாண்டியின் நம்பிக்கை போய்விட்டது. மருமகப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் மாமனார் தட்டவா போகிறார்? சட்டம் மற்றவர்களுக்குத்தான். இவர் அம்மியோடு ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு போவார், கூடவே நம்மையும் தூக்கிக்கொண்டு போவார்.

சாயந்தரம் கலீல் பாய் கடைக்குப் போய் அழாத குறையாகச் சொன்னான். கலீல் பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"மாயாண்டி, உனக்கு இன்னுமா புரியல? அந்த மனுஷன் உன் கைச்சோத்துக்கு அடிமையாயிட்டாரு. நீ சட்டி சட்டியா வெச்சா அவரு எப்படி உன்னை விட்டுட்டுப் போவாரு?"

"அப்ப என்ன பாய் செய்யறது?"

"சோறு இல்லாத பையைக் காட்டு. உப்பு, புளி ஒண்ணும் இருக்கக் கூடாது. பாத்ததும் கோவம் வரும். இந்தச் சமையக்காரன் எனக்கு எதுக்குன்னு இறக்கிவிட்டுருவாரு. கொஞ்சம் ஏசுவாரு, வாங்கிக்க. கனகா மொகத்தை நெனச்சுக்க."

கனகாவின் முகத்தை நினைத்துக்கொண்டே மாயாண்டி பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். அம்மி அடுப்படிக்குப் போனது. அரிசி, குக்கர், கம்பளி, கல் இரண்டும் போயின. துபாய் மாலில் அர்பாப் வாங்கி வைத்திருந்த வெள்ளைக்காரன் சாமான்கள் மட்டும் மிச்சம். மடித்தால் வேட்டி அளவுக்கு வந்துவிடுகிற கூடாரம். ஊதினால் பறந்துவிடுகிற பாத்திரம். வெந்நீர் ஊற்றினால் கோழிக்கறி ஆகிவிடும் என்று எழுதியிருந்த பொடிப் பாக்கெட்டுகள். ஒன்றைப் பிரித்து ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தான். நனைந்த அட்டையைத் தின்ற மாதிரி இருந்தது. ரொம்பத் திருப்தியாக மீதியை உள்ளே வைத்தான்.

இன்னும் கோபம் வர வேண்டுமே என்று யோசித்தான். அர்பாபின் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தான். கத்தியால் பாதியாக வெட்டி உள்ளே போட்டான். எந்த முதலாளி இதைப் பொறுப்பார்?

புதன்கிழமை காலையில் பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். அர்பாபிடம் தனியாகத் திறந்து காட்டி ஏச்சு வாங்கிக்கொள்வதுதான் திட்டம். ஆனால் அங்கே மாமனார் ஏற்கெனவே தராசோடு நின்றார். மூத்த மகனின் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"பதினாறு" என்றார் பெரியவர். "இறங்கு. நீயும் உன் சமையல்காரனும் வீட்டுக்குப் போங்கள்."

சொந்த மகன்! ஒரு கிலோவுக்கு! மாயாண்டி தன் கையிலிருந்த பையைப் பார்த்தான். அப்படியானால் அந்த அம்மி... அடப்பாவி கலீல் பாய்!

"நான் ஒன்று மறந்துவிட்டேன்" என்று திரும்பி ஓடப் பார்த்தான். பெரியவர் விடவில்லை. பையை வாங்கித் தராசில் மாட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏழு! இரண்டு பேருக்கு ஏழு கிலோ!"

பையைத் திறந்து கிளறினார். பாதி பிரஷ் கையில் அகப்பட்டது. அதை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பார்த்தீர்களா? இவன்தான் மலை தெரிந்தவன்! முப்பது வருஷமாக இப்படி ஒருத்தனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்!"

சுஹைலின் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மி எங்கே?" என்று கத்தினார். "அரிசி எங்கே? இரண்டு கல் இருந்ததே, எங்கே?"

அப்பாடா, கோபம் வந்துவிட்டது! மாயாண்டிக்கு உயிர் திரும்பியது. "எல்லாம் எடுத்துட்டேன், அர்பாப். தப்புதான். நான் லாயக்கில்லை, நான் வீட்டுலயே நின்னுக்கிறேன்."

"போ! ஓடிப் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்து பையில் வை!"

"கலாஸ், போதும்!" என்று பெரியவர் குறுக்கே கை நீட்டினார். "அரிசி எதற்கு? ஆட்டைச் சுடுவோம், ஆட்டைத் தின்போம். இந்தப் பையை இனி யாரும் தொடக் கூடாது. நீ என் வண்டியில் வா, மகனே. யல்லா!"

துபாய் ஏர்போர்ட் வரைக்கும் பெரியவர் மாயாண்டியின் தோளில் கை போட்டுக்கொண்டே வந்தார். மாயாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். எங்கேயோ திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி கனகா பெட்டியோடு நின்று முழிப்பது அவன் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஏர்போர்ட் வாசலில் மூசா அர்பாபை இறக்கிவிட்டுச் சாமான் வண்டி தள்ளிக்கொண்டு வந்தான். மாயாண்டி அவனை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"மூசா, உனக்குப் புண்ணியமாப் போகும்டா. நாளைக்குக் காலைல ஷார்ஜா ஏர்போர்ட்டுக்குப் போ. என் சம்சாரம் வருது. கலீல் பாய் வீட்டுல கொண்டுபோயி விட்டுரு. திரும்பிப் போகாம மட்டும் பாத்துக்கடா. அந்தப் பையைக் கனமாக் கட்டி எப்படியாவது நின்னுறலாம்னுதான் பாத்தேன். நம்ம அர்பாப் விட்டாத்தானே? எதை வெச்சாலும் சரி சரின்னுட்டாரு."

மூசா தள்ளிவந்த சாமான் வண்டியை அப்படியே விட்டான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடப் போங்கண்ணே! குதிரைன்னா உசுரு போற பயம், மாமனார்கிட்டச் சொல்ல வெக்கம், மாயாண்டி ஏத்துற பாரத்துல எப்படியும் வீட்டோட நின்னுரலாம்னு ஒரு வாரமா அவனைத்தான் நம்பியிருந்தேன்னு அர்பாப் வண்டியில வர்ற வழியெல்லாம் தேம்பித் தேம்பி அழுதாருண்ணே!"