உறையாத பாட்டில்

இந்தத் தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு குடிக்க மாட்டேன் என்று ஆம்ப்ரோஸ் மனைவி மர்சலின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். போன வருஷமும் செய்தார். மூன்றாவது வாரமே மீறினார். ஈஸ்டர் வரைக்கும் அவள் பேசவில்லை. இந்தத் தடவையும் வழுக்கினால் அவர் பேச்சுக்கு வீட்டில் காலணா மதிப்பு இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

தெரிந்தும் கொஞ்சம் வோட்காவை ஒளித்து வைத்தார். இப்போது குடிக்க இல்லை, ஈஸ்டருக்கு என்று மனசாட்சியிடம் சொன்னார். மனசாட்சி பாவம், நம்பிவிட்டது. சாந்தோமில் இருபத்தாறு வருஷமாகக் கெமிஸ்ட்ரி வாத்தியார், மூளைக்கா பஞ்சம்? மகள் பிரிஸில்லா தரமணி ஆபீசுக்கு எடுத்துப் போக, ஃப்ரீசரில் எப்போதும் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக உறைந்து கிடக்கும். கடைசி பாட்டிலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வோட்காவை ஊற்றினார்.

தினமும் சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்து அதை ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளே களக் களக் என்னும். வோட்கா உறையாது, சரக்கு பத்திரம் என்று மூடிவிடுவார். ஆட்டிவிட்டுக் குடிக்காமல் திரும்புவது எவ்வளவு பெரிய தவம் என்று சொல்லிப் பெருமைப்படக்கூட ஆள் இல்லை.

முப்பத்தேழு நாள் தாங்கினார். ஆறாவது வெள்ளிக்கிழமை மர்சலின் கோயிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனாள். வீடு காலி. ஒரே ஒரு வாய் என்று பாட்டிலைத் திறந்து ஊற்றிக்கொண்டார். மெரினாவையே விழுங்கினது போல ஒரே உப்பு. துப்பிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் மர்சலின்.

"இன்னாங்க, உப்பு ஜாஸ்தியா?"

ஆம்ப்ரோஸ் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ரெண்டாம் நாளே தெரியும். எல்லா பாட்டிலும் கல்லு மாதிரி கீது, இது மட்டும் தளும்புது. மோந்து பார்த்தேன். கொட்டிட்டேன்."

"அதுக்கு உப்புத்தண்ணியா?"

"வெறும் தண்ணி ஊத்துனா உறைஞ்சிடும், நீங்க கண்டுபுடிச்சிடுவீங்க. உப்பு நெறையக் கரைச்சா உறையாதுன்னு டியூஷன்ல கத்திக்கினு இருப்பீங்களே. அடுப்படியில நானும் கேட்டுக்கினுதானே இருந்தேன்."

இருபத்தாறு வருஷத்தில் ஒருத்திக்காவது பாடம் ஏறியிருக்கிறது. சந்தோஷப்படும் நிலையில்தான் அவர் இல்லை.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே, மர்சி."

"நீங்க தொட மாட்டீங்கன்னு நெனச்சேன். தெனம் ஆட்டிட்டு மூடுவீங்க, எனக்குப் பெருமையா இருக்கும். நேத்து ஆட்டிட்டு மூடாம நின்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிச்சு, இன்னிக்குத் தொறந்துடுவீங்கன்னு."

ஆம்ப்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் மீதி நாளை ஒற்றைக் காலில் நின்றே தள்ளியிருப்பார்.

"தப்புதான். மன்னிச்சிடு."

"நான் மன்னிச்சு இன்னா ஆவப் போவுது? வாயைக் கொப்புளிச்சிட்டுக் கோயிலுக்குக் கெளம்புங்க. ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேக்கறாரு, செஞ்ச பாவத்த அவராண்ட சொல்லுங்க. பெஞ்சுல உங்களுக்குக் கர்ச்சீப் போட்டு வச்சிட்டுத்தான் வந்தேன்."