அடைப்புக்குறிக்குள் ஒன்று

மரியாதை தெரிந்த ஒரு பெண்ணிடம் ஆய்வு நூலின் ஆதாரப் பட்டியலை நம்பிக் கொடுக்கக் கூடாது. இது என் கணவரின் முடிவு. (நானும் மறுப்பதில்லை.)

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு குடியேற்றத் திட்டத்தில் இருந்தோம். வன்னிக் குளங்களைப் பற்றிய ஆய்வை முடிப்பதற்காக அவர் கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வீட்டில் நானும் கைக்குழந்தை வதனியும். அடுத்த வீட்டு விளக்கு வயலுக்கு அப்பால் தெரியும், பேச்சுக் கேட்காது. காட்டில் யானை பிளிறினால் கேட்கும். குழந்தை தும்மினால் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்ப்பேன். தும்மாவிட்டால் மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

ஆய்வை வவுனியாவில் ஒரு சிறிய அச்சகம் அச்சிட்டது. புரூப் பார்ப்பது என் வேலை.

“புத்தகம் மாரிக்கு முந்திப் பேராசிரியரிட்டப் போய்ச் சேர்ந்தால், நானும் மாரிக்கு முந்தி வீட்ட வந்திடுவன்” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார். “நீர் எழுத்துப் பிழையை மட்டும் பாரும்.”

அந்த ‘மட்டும்’ என் காதில் ஏறவில்லை.

ஆய்வின் உள்ளே ஒவ்வொரு கருத்தின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் ஓர் இலக்கம் இருந்தது. அதே இலக்கத்தைக் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் பார்த்தால், அது யாருடைய கருத்து என்று தெரியும். இது இன்று எனக்குத் தெரியும். அன்று, இலக்கம் எழுத்தில்லையே என்று அவற்றை விட்டுவிட்டேன். உள்பக்கங்களைத் திருத்தி அனுப்பிய பிறகு பட்டியல் தனியாக வந்தது.

அதில் முதலாவது பெயர், யாரோ ஓய்வுபெற்ற நில அளவையாளர். என் கணவரின் பேராசிரியரோ எங்கேயோ நடுவில், நேற்றுப் படித்து முடித்த ஒரு பெடியனுக்குக் கீழே இருந்தார். எங்கள் கலியாண அழைப்பிதழில் பெரியமாமாவின் பெயர் சின்னமாமாவுக்குக் கீழே வந்துவிட்டது. பெரியமாமா அதன்பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்ததில்லை. மாமாவுக்கே அப்படியென்றால் பேராசிரியர்?

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் முறைப்படி இருத்தினேன். பேராசிரியர் முதலாவது. பிறகு காலமானவர்கள், வயதானவர்கள், வெள்ளைக்காரத் துரைமார் (தூரத்திலிருந்து வந்தவர்கள், பாவம்). என் கணவரின் பழைய கட்டுரை ஒன்றும் இருந்தது. அதைக் கடைசியில் போட்டேன். பந்தியில் வீட்டுக்காரர் கடைசியாகத்தானே இருப்பார். இவரை எங்கே இருத்துவது, அவர் கோபிப்பாரா என்று குழந்தையிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். அன்று பின்னேரம் வீடு நிறைய ஆட்கள் இருந்ததுபோல இருந்தது.

குழந்தையோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அச்சுக் கோர்ப்பவர் காசிம் நானா. அவர் பெரும்பாலும் கலியாண அழைப்பிதழ்களையே கோர்த்து வந்தவர்.

“எனக்கும் இது உறுத்தினதுதான், தங்கச்சி” என்றார். “ஆக்களை இருத்திற முறையெண்டு ஒண்டு இருக்குத்தானே.”

இரண்டு நிபுணர்களும் ஒத்துப்போனோம். பட்டியலுக்குப் புது இலக்கம் போட்டார். உள்ளே பழைய இலக்கங்கள் அப்படியே இருந்தன.

நில அளவையாளரின் பெயர் முதலில் வந்ததற்குக் காரணம், முதல் பக்கத்திலேயே என் கணவர் அவரைப் பிடித்து உலுப்பியிருந்ததுதான். ‘இக்கூற்று முற்றிலும் அடிப்படையற்றது (1).’ இப்போது ஒன்று, பேராசிரியர். முடிவுரையில் ‘இது வெறும் செவிவழிக் கதை’ என்ற வரிக்குக் கடைசி இலக்கம். அது என் கணவர்.

அச்சாகி வந்த புத்தகத்தைப் படித்த பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, தன்னை முதலாவதாக வைத்ததற்கு நன்றி சொன்னாராம். தன்னையே செவிவழிக் கதை என்று ஒப்புக்கொண்ட மாணவனை இப்போதுதான் காண்பதாகவும் சொன்னாராம். பிறகு, எல்லா இலக்கத்தையும் நூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, மறுபடி அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அதற்குள் மாரி வந்துவிட்டது. தெருவை வெள்ளம் மூடியது, பஸ் நின்றது. அவர் தையில்தான் வந்தார். வாசலில் நின்று குடையை மடக்கியபடி, “ஆரைக் கேட்டு மாத்தினனீர்?” என்றார்.

“வதனியைக் கேட்டுத்தான்.”

அவர் சிரித்துவிட்டார். வதனி ஓடிப்போய் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அவள் நடப்பதை அவர் அன்றுதான் கண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால், “அடைப்புக்குறிக்குள்ள ஒண்டு” என்பார்கள். இன்றைக்கு மழை வரும் என்று நான் சொன்னாலும் அதுதான் பதில். அண்மையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வதனியிடம் சொன்னேன்: அந்த மாரியில் அவள் முதல் அடி வைத்த அன்று, சொல்வதற்கு ஆளில்லாமல், பழைய புரூப் தாளை எடுத்துப் பேராசிரியரிலிருந்து துரைமார்வரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிவித்தேன் என்று.

“சும்மா இருங்கோம்மா. அடைப்புக்குறிக்குள்ள ஒண்டு” என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆதாரம் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? அன்று அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இருவர். ஒருத்திக்கு அப்போது கதைக்கத் தெரியாது.