முருங்கையில் கட்டிய மின்கம்பம்

உலகத்தில் இலக்கியக் குறியீடுகளைக் கரைகண்டவர்கள் பாரீசில் சிலர் உண்டு. மிச்சம் அத்தனை பேரும் 1978இல் உழவர்கரையில், எங்கள் 'ஆழ்பொருள் ஆய்வு வட்ட'த்தில் இருந்தார்கள்.

வட்டத்தின் தலைவர் தணிகாசலம், மின்கம்பங்களுக்குப் பொறுப்பான என்ஜினீயர். நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. ஆகவே வட்டத்தின் செயலாளர். கூட்டங்கள் ஆபீஸ் நேரத்தில் மட்டுமே நடக்கும். வீட்டு நேரத்தை வீணாக்குவது எங்கள் கொள்கை அல்ல.

ஒருநாள், மில் தொழிலாளி கண்ணையனின் மனைவி அமிர்தவல்லி கதை வாசிக்க வந்தார். மாதக்கணக்கில் ஆபீசுக்கு அலைந்தும் என்ஜினீயரைப் பார்க்க முடியவில்லையாம். கதை எழுதினால்தான் ஐயாவைப் பார்க்கலாம் என்று வாசலில் பியூன் சொல்லியிருக்கிறான். எழுதிவிட்டார்!

கதை சின்னது. தெருவில் ஒரு மின்கம்பம் சாய்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு கூரை வீடு. தெருக்காரர்கள் கம்பத்தைக் கயிறு போட்டு முருங்கை மரத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். மழைக்காலம் வருகிறது. முற்றும்.

முருங்கை மரத்தில்! அடடா, சபைக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"சாயுற கம்பம்தான் நவீன மனிதன்," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

"கயிறு, நைந்துபோன மரபு," என்றேன் நானும் கண்ணை மூடி. மேலதிகாரி கண்ணை மூடும்போது நாம் திறந்திருப்பது விமர்சன ஒழுக்கம் ஆகாது.

"கூரை வீடு ஆன்மா," என்றார் வட்டத்து உறுப்பினர் பேராசிரியர் ராஜாங்கம்.

"அது எங்க வூடுங்க!" என்றார் அமிர்தவல்லி.

"எழுதினவங்களுக்குத் தன் கதை புரியாதும்மா. பாரீசுலயே சொல்லிட்டாங்க," என்றார் தலைவர்.

"ஐயா, நெசமாவே சாயுதுங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு எங்க வூட்டுக்காரரு பகல்ல அதுங்கீழதான் தூங்குறாரு. பயமா இருக்குதுங்க. ஒரு நட வந்து நிமித்தி வெச்சிட்டுப் போங்க."

தலைவர் பதறிப்போனார். "நிமித்தி வெச்சிட்டா அப்புறம் கதையில இன்னாம்மா இருக்கும்?"

இலக்கியத்தை இப்படிக் கட்டிக் காத்த அதிகாரி வேறு எந்த ஊரில் உண்டு?

ஐப்பசி மழையில் முருங்கை முறிந்தது. கம்பம் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. கரண்ட் காலையிலேயே போயிருந்ததால் கண்ணையன் உயிர் பிழைத்தார். அது எங்கள் இலாகாவின் தொலைநோக்கு. கால் மட்டும் முறிந்தது.

பொன்னாடையோடு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். கட்டுப்போட்ட கால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பார்த்ததும் பேராசிரியருக்குக் கண் கலங்கியது. தலைவர் பொன்னாடையைப் பிரித்தபடியே கேட்டார்: "இப்ப சொல்லும்மா, கம்பம் விழுந்தது எதைக் குறிக்குது?"

அமிர்தவல்லி பொன்னாடையைத் தள்ளிவிட்டார்.

"நீங்க வேலைக்கு வரலைன்றதைக் குறிக்குது."

வராந்தாவிலேயே அவசரக் கூட்டம் போட்டோம். ஆழம் போதாது என்று அந்த விளக்கத்தை ஏகமனதாக நிராகரித்தோம். அதுவும் ஆபீஸ் நேரத்தில்தான்.