மோர்மிளகாய்ப் பாட்டு குறித்து மைத்துனனுக்கு

திருநகர், மதுரை - 6
ஐப்பசி, 2008

அன்பு மாப்பிள்ளை ராஜகுருவுக்கு, அத்தான் ஜனகராஜ் ஆசி கூறி எழுதுவது. பரமக்குடியில் நீயும் ஸ்ரீலட்சுமியும் உங்கள் தறிகளும் ஓய்வில்லாமல் சௌக்கியமாக ஓட வேண்டும். இங்கே சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகும், இல்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். ஆகையால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீயே நிரப்பிக்கொள். நம் வீட்டுப் பாஷையில் சண்டை போடத் தெரியும், எழுதத் தெரியாது. எனவே தமிழில் எழுதுகிறேன். பிழையிருந்தால் நான் ஆயுசெல்லாம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவன் என்பதை நினைத்துப் பொறுத்துக்கொள்.

விஷயம் உனக்குத் தெரியும். உன் அக்காள் ரங்கநாயகி காலமாகி, காரியமெல்லாம் முடிந்து சாப்பாடு போட்ட சுபத்தன்று, தயிர்சாதம் வந்த நேரத்தில், நீ இலையை விட்டு எழுந்து கை கழுவிப் போய்விட்டாய். காரணம் என் மகன் விஜய்ஆனந்த் போட்ட ஹிப்ஹாப் பாட்டுத்தான் என்று கை கழுவுகிற இடத்திலேயே சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். துக்க வீட்டில் தாய்மாமனை மைக்செட் வைத்து மானபங்கம் செய்த குடும்பம் என்று எனக்குப் பெயராகிவிட்டது. நீ போனை எடுப்பதில்லை. ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கோபத்தோடு படித்தாலும் சரி, கடைசி வரை படி.

சித்திரை மாதம் அவளுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. டாக்டர் உணவுக்குழாயில் கட்டி என்று சொல்லி வயிற்றில் ட்யூப் வைத்தார். அதெல்லாம் நீயே வந்து பார்த்தாய். நீ பார்க்காதது, கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பரிமாறியவளுக்கு நான் ஊசிக்குழாயில் கஞ்சி ஏற்றிய அழகுதான். முதல் தடவை பாதிக் கஞ்சி அவள் சேலைக்கும் மீதிக் கஞ்சி என் வேட்டிக்கும் போயிற்று. அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. அவள் கண்ணெதிரே நான் எப்படிச் சாப்பிடுவது? கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு திருட்டுப் பூனை மாதிரி நின்றபடி சாப்பிட்டேன். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு சுந்தரம்மாள், "என்ன சார், வீட்டுக்குள்ள விடலையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டாள். உள்ளேயிருந்து கையைத் தட்டி ரங்கநாயகி என்னைக் கூப்பிட்டாள். அப்போதே அவளுக்குக் குரல் போய்க் காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது.

"இங்கன வந்து என் முன்னால ஒக்காந்து சாப்பிடுங்க. ரசத்துக்கு இம்புட்டுப் புளியா கரைப்பாக? வாசனையே சொல்லுது."

அன்று முதல் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சாப்பாடு எனக்கு எப்படி இறங்கியது என்று எழுத மாட்டேன்.

இந்த நிலைமையில்தான் விஜய்ஆனந்தும் அவன் கூட்டாளி ஆன்சனும் ஆல்பம் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். ஆன்சன், மிஷன் பள்ளிக்கூடத்து கிளார்க் சத்தியசீலன் சாரின் பையன், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்கிறவன். என்ன ஆல்பம் என்று கேட்டதற்கு, "இது அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப்புப்பா" என்றான் மகன். அண்டர்கிரவுண்ட் என்றால் போலீஸ் தேடுகிறவர்கள் போய் இருக்கிற இடம் என்றுதான் நான் பேப்பரில் படித்திருக்கிறேன். அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் பதறாமல், "என்ன கேஸாம்?" என்றாள். பிறகுதான் விஜய்ஆனந்த் விளக்கினான். கம்பெனி வெளியிடாது, கடையில் விற்காது, தாங்களே கம்ப்யூட்டரில் சிடி போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்களாம். இதற்கு எதற்கு அண்டர்கிரவுண்ட் என்று பெயர்? நம் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தானே கொடுக்கிறோம்.

அதோடு விட்டிருந்தால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆல்பம் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றி என்றான். இலை போடுவதிலிருந்து இலை எடுப்பது வரை ஒரே பந்தி, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பாட்டு, பெயர் 'இன்னொரு கரண்டி'. எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டேன். "சாப்பிட முடியாதவ இருக்குற வீட்ல சாப்பாட்டுப் பாட்டாடா? வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். கட்டிலிலிருந்து அவள்தான் கை தட்டினாள்.

"சாப்பிடத்தான் முடியல. கேக்கவும் கூடாதா?"

நான் வயரைத் திரும்பச் சொருகினேன். தப்பான ஓட்டையில் சொருகியதால் ஆன்சன் வந்து சரி செய்தான்.

அதற்குப் பிறகு என் வீடு வீடாக இல்லை, மாப்ள. சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் நம் கல்யாண ஜமக்காளத்தையும் மெத்தையையும் தொங்கவிட்டு, புழுக்கத்தில் வெந்துபோய் இரண்டு பேரும் உள்ளே கத்தினார்கள். வாய்க்காற்று மைக்கில் மோதக் கூடாது என்று டீ வடிகட்டியில் உன் அக்காவின் பழைய மெல்லிய வாயல் சேலைத் துணியைக் கட்டி முன்னால் வைத்துக்கொண்டார்கள். நான் பல நாள் டீயைத் தூளோடு குடித்தேன். கடுகு வெடிக்கிற சத்தம் வேண்டுமென்று என்னை அடுப்பில் நிறுத்தினார்கள். நான் தாளிக்க, ஆன்சன் மைக்கை வாணலிக்கு மேலே நீட்ட, கட்டிலிலிருந்து அவள், "எண்ணெய் காயல, மறுபடி" என்பாள். மறுபடி தாளித்தால் கடுகு கருகிவிட்டது என்பாள். சுந்தரம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம் சார், காலைலருந்து தாளிக்கிற வாசனை?" என்றாள். கடைசியில் எல்லாம் கூடி வந்து, கடுகு பூப்போல வெடித்த அந்த நொடியில் கரண்ட் போயிற்று. இந்த வருஷம் மதுரையில் கரண்ட் எப்போது இருந்தது என்று கேட்பதுதான் சுலபம். ஆன்சன் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதற்காகவே நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் தாளிக்கத் தயார் என்று அவர்களிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஆல்பம் முடிந்ததும் அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். நானும் கேட்டேன். முதல் தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாடுகிறானா, பேசுகிறானா, யாரோடோ சண்டைக்குப் போகிறானா என்றே தெரியவில்லை. ஆனால் அவள் தினமும் கேட்டாள். கஞ்சி ஏற்றுகிற நேரத்துக்குச் சரியாகப் போடச் சொல்வாள். அதனால் நானும் தினமும் கேட்டேன், கேட்கக் கேட்கப் புரிந்தது. இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்தான் முதல் பாட்டுக்குத் தாளம். ரசப் பாட்டில் அம்மியில் மிளகு தட்டுகிற சத்தம், குக்கர் விசில்தான் பல்லவி முடிந்ததற்கு அடையாளம். உப்பைப் பற்றி இப்படி ஒரு இடம் வருகிறது.

"ருசி நல்லாருந்தா பேரு சமைச்சவருக்கு,
ருசி கெட்டுப்போனா ஏச்சு உப்புப் போட்டவளுக்கு."

எங்கள் வீட்டில் சமைத்தவளும் உப்புப் போட்டவளும் ஒருத்திதான், பெயர் வாங்கிய ஞாபகம் அவளுக்கு இருக்காது. ஏச்சு மட்டும் நான் கொடுத்திருக்கிறேன். அப்பளப் பாட்டு என்னைப் பற்றியது. பெரிய சத்தம், தொட்டால் நொறுங்குவான், ரசம் பட்டால் நமத்துப்போவான் என்று அப்பனையே பாடியிருக்கிறான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிறகு அவள் கஞ்சிக்கு நேரமாகிவிட்டதால் நமத்துப்போனேன். ராகமே இல்லையே என்று ஒருமுறை அவளிடம் குறை சொன்னேன். "சாப்பிட வாங்கன்னு கூப்புடுறதுக்கு எதுக்குங்க ராகம்?" என்றாள். அதற்கு மேல் அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து அதுதான் சரியான விமர்சனம்.

இனி உன் பாட்டு. விஜய்ஆனந்தின் பந்தியில் முதலில் நீ இல்லை. அவள்தான், "என் தம்பி இல்லாம எப்படி எல முடியும்? ராஜகுருவ மோர்மிளகாயா வையி" என்றாள். பையன் எழுதிக் காட்டினான். கடைசி அடி அவளுக்குப் பிடிக்கவில்லை. தானே ஒன்று சொல்லி, அதைத் தன் வாயாலேயே பதிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, என் தோளில் சாய்ந்துகொண்டு சாமான் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். ஆன்சன் பதிவை ஓடவிட்டதும் மைக்கைப் பார்த்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மறுபடி திறந்தாள். ஆன்சன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். பிறகு அவள் மகனைப் பார்த்து நீயே சொல்லிவிடு என்று கையைக் காட்டினாள்.

புரட்டாசியில் அவள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னிடம் ஒன்று கேட்டாள். "அன்னைக்கு எல்லாரும் சாப்பிடறப்ப இதப் போடுங்க. நான் பரிமாறுன மாதிரி இருக்கும்." எதைப் போடுவது, என்றைக்கு என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

அதனால்தான் சுபத்தன்று மைக்செட்காரர் நல்லகாமன் பக்திப் பாட்டு எடுத்து வந்தும், நான் இந்த சிடியைக் கொடுத்தேன். சிடி மேலட்டையைப் பார்த்தே, "அண்ணே, நல்லா யோசிச்சுக்கங்க" என்றார் அவர். பந்தியில் பாதிப் பேர் பரிமாறுகிறவனைப் பார்த்தார்கள், பாதிப் பேர் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். சாம்பார் வாளிக்காரன் தாளத்துக்கு ஏற்ப ஊற்ற ஆரம்பித்து ஒரு பெரியவர் மடியிலேயே ஊற்றிவிட்டான். எல்லாவற்றையும் சமாளித்தேன். ஆனால் உன் இலைக்கு மோர்மிளகாய் வந்த அதே நேரத்தில் உன் பாட்டும் வந்ததை என்ன சொல்ல?

"எட்டத்துல நின்னாலும் எரியுது கண்ணு,
எங்க மாமன் பேச்சு மோர்மிளகா ஒண்ணு,
கடிச்சாக் காரம், கடிக்காட்டி ரோசம்..."

அதோடு கரண்ட் போய்விட்டது. சபையே உன்னைப் பார்த்தது. நீ எழுந்துவிட்டாய். மாப்ள, நாலாவது அடி ஒன்று இருக்கிறது. அதுதான் உன் அக்காள் சொன்னது. நீ கேட்காமல் போனது. இதோ எழுதுகிறேன்.

"தயிர்சாதம் வந்தாத்தான் தெரியும் பாசம்."

இதை உன்னிடம் சொல்லத்தான் அன்று தயிர்சாதத்தை மோர்மிளகாயோடு பொட்டலம் கட்டிக்கொண்டு ஆட்டோவில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். நகரப் போகிற ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உன் வழுக்கைத் தலை தெரிந்தது. தாவி ஏறித் தோளைத் தொட்டேன். திரும்பியது வேறு முகம். அதற்குள் பஸ் கேட்டைத் தாண்டிவிட்டது. "பரமக்குடி போகணும்" என்றேன். "பெரியவரே, இது திருவாதவூர் டவுன் பஸ்ஸு. தலகீழா நின்னாலும் பரமக்குடி போகாது. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். இறங்கி எங்கே போவது? வீட்டில் பந்திப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், அவள் படமும் விளக்கும் இருக்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரை போனேன். திருவாதவூரில் வழுக்கைத் தலைக்காரரும் என்னோடு இறங்கினார். மொக்கைச்சாமி என்று பெயர், வயல்காரர். பொட்டலத்தைப் பிடித்தபடி நான் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"யாருக்குண்ணே சோறு?"

"எம் மச்சினனுக்கு. போயிட்டாரு."

"அப்ப நீங்க சாப்பிடுங்கண்ணே. புளிச்சுப் போகும்."

பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் கொஞ்சம் கொடுத்துச் சாப்பிட்டேன். அவள் போன பிறகு எனக்கு நாக்கில் ருசி தட்டியது அப்போதுதான். எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்க்க ஆளில்லை. மோர்மிளகாயைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. "காரமாண்ணே?" என்றார் மொக்கைச்சாமி. "ஆமா, ரொம்பக் காரம்" என்றேன். அவர் தன் மிளகாயையும் கடித்துப் பார்த்துவிட்டு, என் பக்கத்திலேயே அடுத்த பஸ் வரும்வரை இருந்தார்.

ஆகையால் மாப்ள, இனிப் போடுகிற சிடிகளில் உன் பாட்டை எடுத்துவிடும்படி விஜய்ஆனந்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் மனம் ஆறினால் ஒரு போன் செய். உனக்கும் ஸ்ரீலட்சுமிக்கும் இந்த அத்தானின் ஆசிகள் எப்போதும் உண்டு. பசித்த நேரத்தில் சோறும், அது சிரமமில்லாமல் இறங்குகிற தொண்டையும் ஆயுசு முழுக்க உங்களுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஜனகராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். கவருக்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஸ்ரீலட்சுமி போன் செய்தாள். விஜய்ஆனந்த் உன் பையில் ஒரு சிடியைப் போட்டு அனுப்பியிருக்கிறான், அது எனக்குத் தெரியாது. நீ வந்த நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு பாட்டை மட்டும் போடுகிறாயாம், அதுவும் பாட்டு ஆரம்பித்தவுடன் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து போடுகிறாயாம். "அவரு கோவிச்சுக்கிட்டு வரலண்ணே. பாட்டுக்கு முன்னால அக்கா தொண்டையச் செருமுற சத்தம் இருக்காம். சின்ன வயசுலருந்து இவரக் கூப்புடுறதுக்கு முன்னால அப்படித்தான் செருமுவாகளாம். அதக் கேட்டதும் சோறு எறங்கலையாம்" என்றாள். போனை வைத்துவிட்டு விஜய்ஆனந்திடம் பாட்டை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிறகு ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்து அந்தப் பாட்டைப் பல தடவை போட்டுப் பார்த்தேன். எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. அவள் பக்கத்திலேயே இருந்தவனுக்குக் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வா, மாப்ள. அது எந்த இடம் என்று எனக்குக் காட்டு.