கறுப்பையாவின் கல்யாண யோகம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூளை வந்து இறங்கியிருந்தது. ஏற்கெனவே ஆளுக்கொரு மூளை வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைப் பார்ப்பதற்கு மாடிப்படி நெடுக வரிசையில் நின்றார்கள்.

எண்பத்தாறாம் வருடம். வியாபாரம் படுத்துக் கிடந்த காலம். தொழிற்சாலைகள் ஆள் குறைத்தன. துறைமுகத்தில் வேலை சுருங்கியது. கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். இப்படி மனிதன் தவிக்கும் நேரத்தில் கடவுள் வருவாரோ இல்லையோ, ஒரு சுவாமி கட்டாயம் வந்துவிடுவார். இந்தத் தடவை வந்தவர் பெயர் ரெங்கசாமி. 'கம்ப்யூட்டர் சுவாமி' என்றால்தான் ஊருக்குத் தெரியும். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் டை. ஆன்மிகம் மேலே, விஞ்ஞானம் கீழே.

துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய நிலையம். உள்ளே ஏர்கண்டிஷன். நடுவில் ஒரு மேசை, மேசைமேல் டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டி. பெட்டிக்குச் சாமந்தி மாலை. கண்ணாடியில் குங்குமப் பொட்டு. அதில் பச்சை எண்கள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எதற்கு ஓடுகின்றன என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் இன்னொரு பெட்டி 'ட்ர்ர்ர்' என்று தாளைத் துப்பும். தாளில் இங்கிலீஷ் எழுத்துகள். கம்ப்யூட்டருக்கு இன்னும் தமிழ் வரவில்லையாம். அதனால் சுவாமியே தாளைப் பார்த்து, மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி விளக்குவார். பிறந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் சொன்னால் போதும். மற்றதெல்லாம் கம்ப்யூட்டருக்கே தெரியும்.

அது சொன்னால் ஊர் செய்தது. காஜாங்கில் லோரி வைத்திருக்கும் மாணிக்கம் தன் லோரிகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்தார். ஒரு துணிக்கடைக்காரர் சிவப்புப் புடவை வாங்குவதையே நிறுத்தினார். முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் நாற்காலிகளை வடக்கே திருப்பிப் போட்டார். கண்ணாடி தெற்குச் சுவரில் இருந்தது. வந்தவர்கள் வெறுஞ்சுவரைப் பார்த்தபடி முடி வெட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த்தான் தங்கள் கதியைத் தெரிந்துகொண்டார்கள்.

கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நாகையாவும் ஒரு நாள் அந்தப் படியேறினார். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது 'டிஜிட்டல்' என்று சொன்னால் கும்பிடத் தோன்றும். கையில் ஒரு டிஜிட்டல் கடிகாரம் கட்டியிருந்தார். அது ஓடாத நாளிலும் அதைப் பார்த்தே மணி சொல்வார்.

போனவர் திரும்பி வந்த மறுநாளே, இருபது வருடமாக அடுப்படியில் நின்ற சமையல்காரி வீரம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார். நேரில் சொல்லக்கூட இல்லை. கல்லாவில் வேலை பார்ப்பவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, தான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். வீரம்மா கும்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேரி தீவில் தோட்டத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ஒரு வாரத்தில் கடைக்கு வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போகத் தொடங்கினார்கள். வீரம்மாவின் கோழிக்கறிக்காகவே வந்தவர்கள் அவர்கள்.

நாகையாவின் மனைவி சீதாலெட்சுமி கணவரை உட்கார வைத்துக் கேட்டாள்.

"என்னங்க, அக்காவ எதுக்கு நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்தல. கம்ப்யூட்டர் சொல்லிச்சு."

"என்னா சொல்லிச்சு?"

"நம்ம கடையில வீ-ன்னு ஆரம்பிக்கிற பேருல ஒரு பொம்பள. சனி புடிச்சவ. தேங்காய்ப்பால் விஷயத்துல என்னைய நாலு பேரு முன்னால அவமானப்படுத்துனவ. அவ இருக்கிற வரைக்கும் வியாபாரம் எந்திரிக்காது. எல்லாம் மைக்குல சொன்னாரு லா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

சீதாலெட்சுமி யோசித்தாள். தேங்காய்ப்பால் சண்டை உண்மை. செலவைக் குறைக்க நாகையா பாலில் தண்ணீரைக் கலக்கச் சொன்னார். வீரம்மா கரண்டியைத் தூக்கிக்காட்டி, "இது கறியா, கை கழுவுற தண்ணியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்தே நாகையாவுக்கு அவள்மேல் கடுப்பு. ஆனால் சனி கிரகத்துக்கு எதற்குத் தேங்காய்ப்பால் விவகாரம்?

"அங்க யாருகிட்டயாச்சும் இதச் சொன்னீங்களா?"

"சுவாமிகிட்டயா? ஒரு வார்த்த பேசல. பொறந்த தேதி, நேரம், அவ்வளவுதான்."

"வேற யாருகிட்டயும்?"

"யாரு இருக்கா அங்க? வரவங்களுக்கு ஒரு அம்மா மைலோ கலக்கிக் குடுப்பாங்க. ராஜேஸ்வரின்னு பேரு. நல்ல மாதிரி. மனசு விட்டுப் பேசுவாங்க. காத்துக்கிட்டு இருக்கிறப்ப சும்மா ரெண்டு வார்த்த..."

"ம்," என்றாள் சீதாலெட்சுமி. "ஞாயித்துக்கிழம நானும் வரேன்."

நாகையாவுக்குப் பரம சந்தோஷம். மனைவிக்கும் நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் மூடிபோட்ட பிரம்புக்கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். அது என்ன என்று கேட்டார். "அப்புறம் சொல்றேன்," என்றாள். ஏதோ காணிக்கை என்று நினைத்துப் பேசாமல் வேனை ஓட்டினார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வேனை நிறுத்த இடம் கிடைப்பதும் மோட்சம் கிடைப்பதும் ஒன்று. நாகையா தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் மாடியில் நடந்ததை நாம் பார்த்துவிடலாம்.

கூடம் நிறைந்திருந்தது. சீதாலெட்சுமி உட்கார்ந்ததும் மைலோ வந்தது. மைலோவோடு ராஜேஸ்வரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடையாம்மா? வியாபாரம் எப்படி?"

"என்னத்தச் சொல்ல, அக்கா. கடையில ஒருத்தன் இருக்கான். கறுப்பையான்னு பேரு. அவன நெனச்சாத்தான் கவல."

"ஏன், திருடுறானா?"

"சம்பளமே வாங்குறதில்ல. சாப்பாடு மட்டுந்தான். பகல் முழுக்கக் கல்லா மேசைக்கு அடியில படுத்துக் கெடக்கிறான். பொழுது சாஞ்சா எங்க போறான்னே தெரியல. இப்ப பக்கத்துல மீன் வியாபாரம் பண்றவரு அவனக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போடுறாரு. அங்கயே போயிடுவானோன்னு பயமா இருக்கு."

"அடப்பாவமே," என்றாள் ராஜேஸ்வரி. உடனே அவளுக்கு அடுத்த கிளாஸ் மைலோ கலக்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

நாகையா மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் இவர்கள் முறை வந்தது. சீதாலெட்சுமி தன் பிறந்த தேதியைச் சொன்னாள். நேரத்தைச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டாள். சுவாமி கண்ணை மூடி, கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 'ட்ர்ர்ர்' என்று தாள் வந்தது. சுவாமி மைக்கைப் பிடித்தார்.

"அம்மா, உங்க கடையில கறுப்பு நிறத்தப் பேருல வச்சிருக்கிற ஒருத்தன் இருக்கான். கறுப்பையா. சரியா?"

நாகையாவின் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. கறுப்பையா அவர்கள் கடைப் பூனை. அதன் பெயர்கூட கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறதே. பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டி, "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்றார்.

"கூலி வாங்காம உழைக்கிற மாதிரி நடிக்கிறான்," என்று சுவாமி தொடர்ந்தார். "கல்லாப் பக்கத்துலயே அவன் இருக்கிறது காரணத்தோடதான். கணக்கப் பாக்குறான். பொழுது சாஞ்சா உங்க எதிரியப் பாத்துப் பேசப் போறான்."

நாகையா ஒரு கணம், உண்மையாகவே, பூனையைச் சந்தேகப்பட்டார். அது தன்னை ஒரு மாதிரி பார்ப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"தண்ணியில பொழைக்கிற வியாபாரி ஒருத்தர் அவன இழுக்கிறாரு. ராகு தெச. இன்னும் ஆறே மாசத்துல கறுப்பையாவுக்குக் கல்யாண யோகம் இருக்கு. மாமனார் வீட்டுல இருந்து மொதலு வரும். அத வச்சு உங்களுக்கு எதிர்லயே கடை போடுவான். உங்க வாடிக்கைய எல்லாம் கொண்டுக்கிட்டுப் போயிடுவான். பரிகாரம் பண்ணணும்."

நாகையாவின் புல்லரிப்பு மெதுவாக அடங்கியது. மாமனார் வீடு என்ற இடத்தில் அவருக்கு ஏதோ இடித்தது.

சீதாலெட்சுமி எழுந்தாள். கூடையை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். ஏர்கண்டிஷன் குளிரில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த கறுப்பையா தலையைத் தூக்கி, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டான்.

"இவன்தான் சுவாமி, கறுப்பையா. பொண்ணு எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. ஆனால் சுவாமி சாமானியப்பட்டவர் இல்லை. டையைச் சரிசெய்துகொண்டார்.

"பூனையும் ஒரு ஜீவன்தான். எல்லா ஜீவனுக்கும் ஜாதகம் உண்டு. போன ஜென்மத்துல இவன் ஒரு வியாபாரி."

நம்புங்கள், கூடத்தில் பாதிப்பேர் 'அதானே' என்று தலையாட்டினார்கள். ஒருவர் பூனையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மக்களை வைத்துக்கொண்டு சீதாலெட்சுமி என்ன செய்வாள்? அவள் குரலை உயர்த்தவில்லை.

"இருக்கட்டும் சுவாமி. நான் கம்ப்யூட்டருக்குக் குடுத்தது என் பொறந்த தேதியும் நேரமும். கறுப்பையாவப் பத்தி நான் வாயத் தொறந்தது இந்த மைலோ அக்காகிட்ட மட்டும். அவங்க உள்ள போனாங்க, வெளிய தாள் வந்துச்சு. இங்க இருக்கிற நீங்கள்லாம் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. ஒங்க வெவகாரத்த அவங்ககிட்ட சொல்லாம யாருக்காச்சும் இந்தப் பெட்டி சொல்லியிருக்கா?"

அத்தனை பேரும் தாங்கள் குடித்த மைலோவை நினைத்துப் பார்த்தார்கள்.

கறுப்பையாவுக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. அவனுக்குப் பால் வாடை அடித்தது. மேசையிலிருந்து குதித்து, திரைச்சீலைக்கு அடியில் புகுந்து ஓடினான். அவனைப் பிடிக்க, கூட்டத்தில் இருந்த லோரிக்கார மாணிக்கம் திரைச்சீலையை இழுத்தார். அது கம்பியோடு கையில் வந்துவிட்டது. உள்ளே பால் டின், மைலோ டின், இரண்டுக்கும் நடுவில் விசைப்பலகையோடு இன்னொரு கம்ப்யூட்டர். தாள் துப்பும் பெட்டியின் ஒயர் அதில்தான் மாட்டியிருந்தது. மாலை போட்ட பெட்டிக்கும் தாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வெறும் எண்களை ஓட்டிக்கொண்டு குங்குமம் வாங்கிக்கொண்டிருந்தது.

மாணிக்கம் தலையில் கை வைத்தார். "பச்சப் பெயிண்டு மலிவா வருது, அடிச்சிரலாமான்னு நான் இந்தம்மாகிட்டதான் கேட்டேன்."

"செவப்புச் சேல போகமாட்டேங்குதுன்னு நானே சொன்னேன்," என்றார் துணிக்கடைக்காரர்.

அந்தப் பரபரப்பில் சுவாமி செருப்பைக்கூட மாட்டாமல் பின்படி வழியாக இறங்கினார். தாம் ஓடப்போவதை எந்தக் கம்ப்யூட்டரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை போலும்.

நாகையாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சுவாமி ஏமாற்றினார் என்பதைவிட, அந்தப் பெட்டி தன் வாயிலிருந்து போனதையே தனக்குத் திருப்பிக் கொடுத்தது என்பதுதான் அவரை உறுத்தியது. வீரம்மாவைத் துரத்த ஆசைப்பட்டவர் அவர்தான். அதைச் சொல்லத் தைரியம் இல்லாதவரும் அவர்தான். கம்ப்யூட்டர் சொல்லிற்று என்றதும் தைரியம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே மனைவியைக் கூட்டிக்கொண்டு கேரி தீவுக்கு வேனை விட்டார்.

வீரம்மா தங்கை வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா, வேலைக்குத் திரும்பிடுங்க," என்றார் நாகையா. "அந்தக் கம்ப்யூட்டர் நம்மள நல்லா ஏமாத்திருச்சு."

"கம்ப்யூட்டரா? அது என்னையப் பாத்ததுகூட இல்லயே." வீரம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "என்னைய நிறுத்துனது நீங்க. ஆள்விட்டுச் சொல்லிட்டு மார்க்கெட்டுக்கு ஓடுனது நீங்க. இருவது வருசம் ஒங்க கடையில வெந்தேன். நேரா வந்து போன்னு சொல்லியிருந்தா, சண்ட போட்டுட்டாச்சும் போயிருப்பேன்."

நாகையா மனைவியைப் பார்த்தார். சீதாலெட்சுமி கீரையைப் பார்த்தாள். "தப்பு என்னோடதுதான் அக்கா. பால்ல தண்ணி கலக்கச் சொன்னதும் நான்தான்," என்றார்.

வீரம்மா கீரைத்தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன். ஆனா ஒன்னு. இனிமே ஒரு ஆள வைக்கணும்னாலும் நிறுத்தணும்னாலும், பெட்டியக் கேக்காதீங்க, ஜாதகக் கட்டத்தக் கேக்காதீங்க. கழுத்துக்கு மேல ஒன்னு வச்சிருக்கீங்கல்ல, மொதல்ல அத வேலைக்கு வைங்க மொதலாளி. பாவம், பொறந்ததுல இருந்து சும்மாவே ஒக்காந்திருக்கு."