சம்பந்தியின் கோட்டையை உடைத்தது பற்றி

லிங்கநகர்,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி பாக்கியரத்தினம் அவர்கட்கு,

நிலாவெளியில் நீங்களும் வீட்டாரும் கோணேசர் அருளால் சுகமாக இருப்பீர்களென்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை என்பதைத் தவிர. பத்து நாளாக நீங்கள் போனை எடுக்காதபடியால் இதை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் நிவேதிகாவைப் பெண் பார்க்க வந்த அன்று, கடித்த றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு போனில் நீங்கள் ஆடும் கோட்டை விளையாட்டைப் பற்றிச் சொன்னீர்கள்: "வெள்ளித் தரத்தில இருந்து தங்கத்துக்கு ஏற ஒரேயொரு வெற்றிதான் குறை. நேற்று 'துறைமுகம்58' எண்டொரு மூதேவி, நான் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் பாத்து என்ர கோட்டையை உடைச்சுப்போட்டான்." ஐயா, அந்த மூதேவி நான்தான். அன்றே சொல்லியிருக்கலாம். என் மனைவி இரத்தினேஸ்வரி உங்களுக்கு இரண்டாவது றோல்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு நாக்கு எழும்பவில்லை. பிறகு நிவேதிகா உங்கள் மகன் சிவரூபனுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாளாம். அன்றோடு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கதையும் இல்லை. பிள்ளை இப்போது சிரிப்பதுமில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கிறது.

உண்மையில் பிழை என்னுடையதல்ல, அந்த இயந்திரத்தினுடையது. நிவேதிகாதான் விளக்கினாள்: "அப்பா, ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்க ஒரு இலக்கம் இருக்கு. வெண்டால் ஏறும், தோத்தால் இறங்கும். கிட்டமுட்ட ஒரே இலக்கம் உள்ள ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சு மோதவிடும்." சாதகப் பொருத்தம் மாதிரியோ என்று கேட்டேன், முறைத்தாள். துறைமுகக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். அங்கே ஏறின கதிரையிலிருந்து ஒருவரையும் இறக்கினதில்லை, கொட்டாவி விட்டபடி காத்திருந்தாலே அடுத்த பதவி வரும். இங்கே என்னடாவென்றால், வெல்ல வெல்ல இன்னும் கெட்டிக்காரனைக் கொண்டுவந்து எதிரே இருத்துகிறது. இரண்டு ஆட்டம் வென்றால் இரண்டு தோல்வி. இதென்ன நியாயம்?

அது கிடக்கட்டும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை வெல்லலாமோ? ஆகவே புள்ளிகளைத் திருப்பித் தருவதென்று முடிவெடுத்தேன். சும்மா நட்புக்கு ஆடித் தோற்றால் உங்களுக்குப் புள்ளி ஏறாது, தரத்துக்கு ஆடுகிற ஆட்டத்தில்தான் தோற்கவேண்டும். நானோ உங்களை வென்ற ஆட்டத்தோடு தங்கத்துக்கு ஏறிவிட்டேன். உங்களோடு கோர்க்கப்பட வேண்டுமென்றால் வெள்ளிக்கு இறங்கவேண்டும். ஒரு கிழமையாக வேண்டுமென்றே தோற்கிறேன். வாசலைத் திறந்துவிட்டு, படையையெல்லாம் விறகு வெட்ட அனுப்பிவிட்டு இருக்கிறேன். ஒருநாள் எதிரே வந்த ஆளும் அதையே செய்தார், முக்கால் மணித்தியாலம் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே ஆடின மூதூர் ஸஹாப்தீன் என்று ஒருவர், "ஐயா, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று ஆட்டத்துக்குள்ளேயே எழுதிக் கேட்டார். மானம் போச்சு! நேற்றுப் பின்னேரம்தான் ஒருவழியாக வெள்ளிக்கு வந்து சேர்ந்தனான்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும் பொத்தானை அமத்துவோம். என் வடக்கு வாசல் திறந்தே இருக்கும். உடைத்துத் தங்கத்துக்கு ஏறுங்கள், கல்யாணத்துக்கும் நாள் வையுங்கள். இனி உயிருள்ளவரை உங்களை வெல்லமாட்டேன், இது காளி அம்மன்மேல் சத்தியம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கமும், சிவரூபனுக்கு எங்கள் ஆசியும் சேரட்டும்.

என்றும் உங்களுக்குப் பணிவான,
யோகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்ட முன்னம் கை சும்மா இருக்கேலாமல் பொத்தானை அமத்தினனான். வந்தது நீங்கள்! வாசலைத் திறந்துதான் வைத்தேன், ஐயா. நீங்கள் அதை விட்டுவிட்டுச் சுவரில் ஏறப் பார்த்தீர்கள், அதையும் பொறுத்தேன். "என்ன லிங்கநகரார், கந்தோர் மாதிரி நித்திரையோ?" எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அதோட எனக்குத் தலைக்கேறிட்டுது. ஆறு நிமிசத்தில உங்கட கோட்டை தரைமட்டம், நான் திரும்பவும் தங்கம். காளி அம்மனுக்கு நூறு தேங்காய் நேர்ந்துவிட்டு, எல்லாம் முடிஞ்சுது எண்டு தலையில கைவைச்சுக்கொண்டிருக்க, உங்களிட்ட இருந்து ஒரு வரி வந்தது: "சம்பந்தி, இன்னொண்டு போடுவம்." நிவேதிகா ஓடிவந்து போனைப் பறிச்சு, அந்த வரியைப் படமெடுத்து உங்கட வீட்டில எல்லாருக்கும் அனுப்பிப்போட்டாள். சம்பந்தி எண்டு நீங்களே எழுதிப்போட்டு இனி நீங்கள் மாறேலாது.